ஒன்பதாவது படம்

எக்ஸ்ரே அறையில் அவளுக்கு ‘மூச்சக்கா’ என்று பெயர். “மூச்சை அடக்குங்க... ம், விடுங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது. அவள் எடுத்த படத்தை எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியதில்லை. வேலை அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ, அதுதான் அவளுடைய வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பழைய பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவாள். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். வீடு திரும்பியதும் குளியலறைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுவிடுவாள், ஏனென்றால் கழுவுவது, காயப்போடுவது எல்லாம் அங்கேதான். அவள் கணவனுக்கோ மாவு மில்லில் வேலை, ஞாயிறும் பாதி நாள் உண்டு. தலை முதல் கால் வரை மாவோடு, தோளில் துண்டோடு வெளியே நிற்பான். உள்ளே பிலிம் ஈரமாகத் தொங்கும்போது அவனை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பாத்ரூம் உள்ள வீடா பாத்திருப்பேன்ல?” என்பான்.

இதற்கு விடிவு அக்கா வீட்டுக்காரரின் கையில் இருந்தது. அவர் ஸ்டுடியோ வைத்திருப்பவர். கடைக்குப் பின்னால் நல்ல இருட்டறை, குழாய், தொட்டி எல்லாம் சும்மா கிடந்தன. ஆனால் மனுஷர் லேசில் மசிகிறவர் இல்லை.

“மச்சினி, உனக்கு வர்ற நல்ல படமெல்லாம் குருட்டாம்போக்குல வருது. இன்ன வெளிச்சம், லென்ஸை இவ்வளவு திறந்தேன், ஷட்டர் இந்த வேகம்னு அங்கேயே நின்னு எழுதணும். எழுதினபடி வந்த ஒரே ஒரு நல்ல படத்தைக் காட்டு, சாவியைத் தர்றேன்.”

எழுதுவதா! எழுதுவதில் அவளை மிஞ்ச ஆள் உண்டா என்ன? அங்கேதான் வந்தது வினை. ஆஸ்பத்திரியில் அவளுடைய பழக்கம், அளவை மெஷினில் வைத்ததும் முதலில் பதிவேட்டில் எழுதிவிடுவது, அப்புறம்தான் பட்டனை அழுத்துவது. அழுத்திவிட்டு எழுதலாம் என்றால் அதற்குள் அடுத்த நோயாளி கட்டிலில் ஏறியிருப்பார். அந்த அறையில் அது சரி. மெஷின் வைத்த அளவிலேயே நிற்கும், நோயாளியும் சொன்னால் மூச்சை அடக்குவார். மேகத்திடம் யார் சொல்வது?

அந்த ஞாயிறு கணவனையும் இழுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த கல்குவாரிக்குப் போனாள். வேலை நின்றுபோன குவாரி, பள்ளம் நிறையத் தண்ணீர். அவன் குடை பிடித்தான், அவள் வெளிச்சத்தை அளந்தாள், எழுதினாள், எடுத்தாள். எட்டுப் படம் ஒழுங்காகப் போயிற்று. ஒன்பதாவதற்கும் வெயிலை அளந்து வழக்கம்போல முதலில் எழுதி முடித்தாள். நிமிர்ந்து பார்த்தால் மேகம் வந்து பாதித் தண்ணீரைக் கறுப்பாக்கியிருந்தது, மறுபாதி வெள்ளியாக மின்னியது. எங்கிருந்தோ ஒரு நாய் இறங்கி வந்து சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் குடித்தது.

“ஐயோ, சீக்கிரம்!” என்றான் கணவன். அவள் கை தானாக, லென்ஸைத் திறக்கும் வளையத்தை டக் டக்கென்று திருப்பியது. எடுத்துவிட்டாள். நாயும் போய்விட்டது.

மறுநாள் காய்ந்த பிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தபோது அவளுக்கே மூச்சு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் சுமார். ஒன்பதாவது, அவள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களிலேயே நல்ல படம். ஆசையாக நோட்டை எடுத்து அந்த வரியைப் படித்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதிலிருந்தது வெயிலுக்கு வைத்த அளவு. அந்த அளவில் எடுத்திருந்தால் கறுப்புப் பாதியில் ஒன்றுமே தெரிந்திருக்காது.

“ரெண்டு தடவை திருப்பினேனா, மூணா? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க!”

“நான் நாயைப் பாத்துட்டிருந்தேன்.”

“உங்களைக் கூட்டிட்டுப் போனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

“இப்ப என்ன, ரெண்டுன்னு மாத்தி எழுதினா ஆச்சு. யாருக்குத் தெரியப்போகுது?” என்றான் அவன். கண் குளியலறைக் கதவிலேயே இருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவன்மேல், மேகத்தின்மேல், அந்த நாயின்மேல்கூடக் கோபம் வந்தது. கடைசியில் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு நோட்டை மூடினாள்.

ஸ்டுடியோவில் அத்தான் படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். நோட்டை அவர் தொடக்கூட இல்லை.

“அசத்திட்டே. இதுக்கு எவ்வளவு வெச்சே?”

கணவன் அவளைப் பார்த்தான். அவள் சாவியைப் பார்த்தாள்.

“தெரியல அத்தான். எழுதினது ஒண்ணு, எடுத்தது ஒண்ணு.”

அவர் சாவியை எடுத்து மறுபடி கல்லாவில் போட்டார். “பேச்சு பேச்சுதான் மச்சினி. அடுத்த ரோல்ல பாப்போம்.” சொன்னவர் படத்தைத் திருப்பித் தரவில்லை. “இதைப் பெருசாக்கிக் கடை முகப்புல மாட்டப்போறேன். ஊரே பாக்கட்டும்.”

மாட்டியும் விட்டார். அவள் வேலைக்குப் போகும் வழி அதுதான். போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், ‘யாரு எடுத்தது’ என்று விசாரிக்கிறார்கள். அவள் மட்டும் நிற்பதில்லை. கடையைத் தாண்டும்போது மட்டும் அவளுடைய வலது கை பைக்குள் போய், அங்கே இல்லாத ஒரு வளையத்தைத் திருப்பிப் பார்க்கும். ரெண்டு. இல்லை, மூணு.