தையல் தேடிய மச்சான்

என் ஈரலில் நெல்லிக்காய் அளவுக்குப் புற்றுநோய்க் கட்டி இருந்தது. "இந்தச் சைசுக்கு வெட்டி எடுக்குறதும், ஊசி விட்டுச் சுட்டுக் கருக்குறதும் ஏறக்குறைய ஒண்ணுதான். உங்க ஈரல் சுருங்கியிருக்கு, வெட்டுனா தாங்காது" என்றார் மதுரை டாக்டர். ஊசிக்கே சம்மதித்தேன். அது முடிந்து சீக்கிரமே சொந்த ஊரான கம்பத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஆரஞ்சுப் பழப் பையோடு பார்க்க வந்தார் என் அக்கா புருஷன். அவர் மகனுக்கு என் மகளைப் பேசி, தட்டு மாற்ற நாள் குறித்திருந்தோம். வந்தவர் என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தையல் இல்லை. வயிற்றைக் கிழிக்காமல் அனுப்பினால் ஆள் தேறமாட்டான் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. "கத்தியே வைக்கல, டாக்டருக கைய விரிச்சுட்டாக" என்று பக்கத்து ஊரான தேவாரம் வரைக்கும் சொல்லிவிட்டுச் சம்பந்தத்தை முறித்தார். மகள் அழுத அழுகையை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன்களில் எதுவும் இல்லை. அவர் கண்ணில் படட்டும் என்றே ரோட்டோரத் திராட்சைக் கொடிகளுக்கு நானே கவாத்து வெட்டினேன்.

இந்தத் தையில் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார். "பழச மனசுல வைக்காத மாப்ள."

சொந்தக்காரர்கள் முன்னால் சட்டையைக் கழற்றினேன்.

"நல்லாத் தேடுங்க மச்சான். தையல் இருந்தா பொண்ணு தாரேன்."