டாப்பை அறுத்தவன்

டோமினிக் செத்துப்போனானாம்.

காலையில் பழைய சிநேகிதர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். யாரோ அனுப்பிய குட்மார்னிங் பூவுக்குக் கீழே அவன் போட்டோ... வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

பல வருஷமாக நான் அவனோடு பேசுவதில்லை. ஏன் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். இன்று சொல்லிவிடுகிறேன்.

அவன் ராயபுரத்து டிங்கர். எவ்வளவு நசுங்கிய கார் பாடியையும் தட்டி நேராக்கிவிடுவான். நான் திருவொற்றியூரில் ஃபிட்டர். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரைக் கட்டினோம்.

அமெரிக்கக் கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், நீள மூக்கு. ஒரு பழைய பங்களாவை இடிக்கும்போது அதன் ஷெட்டில் கிடந்தது. உப்புக்காற்று தின்றது போக மீதிதான் எங்களுக்குக் கிடைத்தது. உள்ளே உட்கார்ந்தால் கால் தரையில் படும், அடித்தகடே இல்லை.

என் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய் கட்டி அங்கேயே வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக வருவான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி முருங்கை மரத்தில் மாட்டிவிட்டுச் சுத்தியலை எடுப்பான்.

பார்ட்ஸுக்காகப் புதுப்பேட்டை முழுக்க அலைந்தோம். கிடைக்காததை நாங்களே செய்தோம். எஞ்சின் தலைப்பாகத்துக்கு அடியில் வைக்கும் ஹெட் கேஸ்கெட்டைக்கூடச் செம்புத் தகட்டில் நான்தான் வெட்டினேன்.

அந்த வண்டியில் துரு ஏறாத ஒரே இடம் மேற்கூரை, அந்த டாப்தான். பின்பக்கம் அப்படியே சரிந்து இறங்கும். அவ்வளவு அழகு. ஒருநாள் தெரியாமல் அதன்மேல் ஸ்பேனரை வைத்துவிட்டேன்.

"இன்னா மாமு, அறிவு கீதா உனுக்கு? மத்ததுலாம் நான் தட்னது. இது ஒண்ணுதான் அதுகூடவே பொறந்தது. இதும்மேல எவனும் கை வெக்கக்கூடாது, ஆமா."

சொன்னது அவன்தான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை எஞ்சின் உறுமியபோது இரண்டு பேருமே அழுதுவிட்டோம். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். "இன்னாபா இது, எங்கூட்டு செவுத்துல மாட்ன சாமி படம்லாம் ஆடுது!"

அப்புறம் எனக்கு ஷார்ஜாவில் கப்பல் பட்டறை வேலை கிடைத்தது. கார் சாவியை என் சொந்த அண்ணனிடம் கொடுக்கவில்லை. டோமினிக்கிடம் கொடுத்தேன். அப்பப்போ ஸ்டார்ட் பண்ணு, உப்புக்காற்று படாமல் மூடி வை... நான் கேட்டது இவ்வளவுதான்.

ஊருக்கு எப்போது போன் பண்ணினாலும் வண்டியைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். "ராஜா மாரி கீது மாமு. நீ இன்னாத்துக்குக் கவலப்பட்ற?"

லீவில் வந்தேன். பெட்டியை வைத்ததும் அவன் வீட்டுக்குத்தான் கிளம்பினேன். வழியில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். பேண்டு, டியூப்லைட், பின்னால் உருட்டிக்கொண்டு வரும் ஜெனரேட்டர். நடுவில் பூ ஜோடித்த திறந்த கார்.

நீள மூக்கு. என் கார்.

டாப் இல்லை. மாப்பிள்ளையை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று அறுத்து எடுத்திருந்தார்கள். டாப் போனால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், கதவு மூடாது. இது டிங்கருக்குத் தெரியாதா? கதவை நைலான் கயிற்றால் கட்டியிருந்தான். எஞ்சின் சத்தமும் வேறு... தடதடவென்று ஏதோ பழைய வேனின் டீசல் எஞ்சின். ஸ்டியரிங்கில் டோமினிக், கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு.

அடுத்தவன் கல்யாணத்தில் என்ன கத்துவது? மண்டபம் வரை பின்னாலேயே நடந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று நினைத்து யாரோ எனக்குப் பன்னீர் தெளித்தார்கள்.

வாசலில் பிடித்தேன். "டேய், டாப் எங்கடா?"

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அப்புறம் சிரித்தான், பாவி. "டாப் இருந்தா மாப்ள மூஞ்சி எப்டி மாமு தெரியும்? நம்ம ஏரியால இந்த வண்டி இல்லாம கண்ணாலமே கெடயாது இப்போ."

"எஞ்சின்?"

"அது குடிக்கிற பெட்ரோலுக்கு ஊர்கோலம் உட முடியுமா, நீயே சொல்லு?" என்றவன், காயலான் கடை இருக்கும் பக்கம் கையைக் காட்டினான்.

அடிக்கக் கை ஓங்கினேன். மாப்பிள்ளை மாலையோடு இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவனை இறக்க இரண்டு பேர் கதவுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கையை இறக்கிவிட்டேன்.

அதோடு சரி. எதிரில் வந்தால் நான் ரோட்டைக் கடந்துவிடுவேன்.

டாப்பை அறுத்ததைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேனோ... இல்லை, அதையும் மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் அறுத்துப் போட்ட பிறகும் போனில் "ராஜா மாரி கீது" என்றானே. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தான்.

செத்தவனைப் பற்றி இப்படியா எழுதுவது என்று கமென்ட் போட வருகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். வண்டியின் போட்டோ மட்டும் கேட்காதீர்கள். இருந்ததைக் கிழித்துவிட்டேன்.

...

இவ்வளவு எழுதியபோது அவன் மகன் போன் பண்ணினான்.

"அங்கிள், பெட்டிய யாரு யாரு தூக்கணும்னு அப்பா ஆஸ்பத்திரிலயே சொல்ட்டாரு. முன்னாடி, லெஃப்ட் சைடு நீங்களாம். 'அவன் பேச மாட்டான்டா, ஆனா தூக்குவான்'னாரு."

பார்த்தீர்களா? இப்பவும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனே முடிவு பண்ணிவிட்டான்.

நாளை மதியம், காசிமேடு கல்லறைத் தோட்டம். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

போடா டோமினிக். முன்பக்கம் லெஃப்ட் நான்தான்.