தாய்வீட்டை விட்டுப் பிரசவத்துக்கு

நர்ஸா வேலையில சேர்ந்த முதல் நாளே மேட்ரன் சொன்னாங்க: "லேபர் ரூமோட ரொம்பப் பழகிக்காதேம்மா. மூடப் போறாங்கன்னு பேச்சு."

அது நடுக்கடல்ல ஒரு சின்னத் தீவு. பேர் வேணாம். ஒரு வெள்ளைக்கார நாடு இன்னும் தன் கையில வெச்சிருக்கிற தீவு. ரிட்டயராகி சின்ன காஞ்சிபுரத்துக்குத் திரும்பினப்புறம், ஏனாத்தூர்ல படிக்கிற நர்ஸிங் பொண்ணுங்க கேக்கிறாங்க, காலனியெல்லாம் இன்னுமா இருக்குதுன்னு. இருக்குதும்மா. தீவுக்காரங்க ஓட்டுப் போட்டு கவுன்சில் அமைப்பாங்க. ஆனா மேலிடத்துலேர்ந்து வந்த கவர்னர் கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும் செல்லும்.

1. டீ குடுத்த கவர்னர்

ஆஸ்பத்திரியைச் சீர்திருத்த மேலிடத்துக் குழு வந்துச்சு. ஆபரேஷன் பண்ண டாக்டர் இல்லாத இடத்துல பிரசவம் கூடாது, எட்டாம் மாசமே கர்ப்பிணி விமானம் ஏறி வெளியூர் போயிடணும்னாங்க. பொய் சொல்ல மாட்டேன், அதுல நியாயம் இருந்துச்சு. நான் வர்றதுக்கு முன்னாடி ரத்தம் நிக்காம ஒரு தாய் அங்க செத்திருந்தா.

கவுன்சில் கேட்டது வேற. மூடாதீங்க, ஒரு சர்ஜனை அனுப்புங்கன்னு ஒருமனசா தீர்மானம் போட்டாங்க. கவர்னர் தங்கமான மனுஷர், அதட்டவே மாட்டார். எல்லாருக்கும் தன் கையால டீ ஊத்திக் குடுத்து, உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டேன்னார். கையெழுத்து மட்டும் போடல. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு நம்ம ஊர்ல சொல்றது அதுதான்.

அந்தக் கூட்டத்துல நானும் எழுந்து பேசினேன். காஞ்சிபுரத்துல தறிக்கார வீடானாலும் பெரிய வீடானாலும் தலைப்பிரசவத்துக்குப் பொண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கினு வருவோம், நீங்க தாய்வீட்டை விட்டே அனுப்புறீங்களேன்னேன். குழுத் தலைவி அழகான பழக்கம்னு சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு.

2. லீனா

அந்த விதியில முதல்ல மாட்டினவ எங்க ஆஸ்பத்திரி சமையல்காரி லீனா. தலைப்பிரசவம். அவளோட அப்பா மீன்பிடிக்கிறவர், நுரையீரல் புத்துநோயோட எங்க வார்டுலதான் கிடந்தார். பேரப்பிள்ளை முகத்தைப் பாத்துட்டுத்தான் போவேன்னு உயிரைப் பிடிச்சு வெச்சிருந்தார். இங்கயே பெத்துக்கிறேன் சிஸ்டர்னு லீனா என் கையைப் பிடிச்சு அழுதா. எங்க ஒரே டாக்டர் அவளுக்கு மட்டும் விலக்கு கேட்டார். ஒருத்தருக்குத் தந்தா எல்லாருக்கும் தரணும், முடியாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க.

கிளம்புற அன்னிக்கு அப்பா அவ வயித்துல கையை வெச்சார். "சீக்கிரம் வா. தாத்தா இருக்கேன்."

பெண் குழந்தை. சுகப்பிரசவம், ஒரு தையல்கூட இல்ல. இந்தப் பிரசவத்தை இங்கயே நான் பாத்திருக்க மாட்டேனா? போன்ல வீடியோ வந்ததும் லீனா அப்பாகிட்ட ஓடினேன். அவருக்குக் கண்ணு திறக்கல, மூச்சு மட்டும் ஓடிக்கினு இருந்துச்சு. குழந்தை அழுற சத்தத்தைக் காதுகிட்ட வெச்சேன். கேட்டுச்சோ இல்லையோ தெரியாது. மறுநாள் போயிட்டார்.

அடுத்த முறை வந்த குழு, சீர்திருத்தம் முழு வெற்றின்னுச்சு. தாயும் சேயும் நலம்தான், அது பொய்யில்ல. பொண்ணுங்களே, நல்லது செய்யப் போற இடத்துல முதல்ல அவங்களைக் கேளுங்க. கேட்டா மட்டும் போதாது, அவங்க சொன்னா நடக்கணும். அது என் கையில இல்லாம போச்சேன்னு இன்னும் மனசு ஆறல.

லீனா விமானத்துலேர்ந்து இறங்கி நேரா வார்டுக்குத்தான் வந்தா. அவ அப்பா கட்டில்ல வேற ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவ குழந்தையோட கட்டில்கிட்ட போய் நின்னா. அவர் மெல்ல நகர்ந்து பக்கத்துல இடம் விட்டார். லீனா குழந்தையை அங்க படுக்க வெச்சா.