பேசாமல் நின்ற கணினியும் பக்கத்து அறை அக்காவும்

அம்மாவின் காரியம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன அடைமழைக் காலம் அது. அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் அறைகளில் அம்மா இருந்த அறையில் நான் மட்டும் இருந்தேன். கணினியில்தான் வேலை என்பதால் உடனே கொழும்புக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. போகவும் மனமில்லை.

என் வேலையைச் சொன்னால் லயத்தில் சிரிப்பார்கள். கணினியின் அடிமட்டத்தில் ஓடுவது கர்னல். அதில் பிழை வந்தால், நாம் குறி வைத்த இடத்தில் அதை நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று திரையில் எழுதிக் காட்டும் டிபக்கர் என்ற மென்பொருளை நான் செய்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அது ஓடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வெளிநாட்டு மேலாளர் சொல்லிவிட்டார். இந்த வேலை போனால் அம்மாவின் அறையைப் பூட்டிவிட்டு, கொழும்பில் ஏதாவது ஒரு போர்டிங் அறையைத் தேடிப் போக வேண்டியதுதான்.

அந்தப் பாழாய்ப்போனது ஓடினால்தானே! குறி வைத்த இடத்துக்கு வந்ததும் கணினி மூச்சுப் பேச்சில்லாமல் நின்றுவிடும். ஓர் எழுத்துகூட வராது. அணைத்துப் போட்டாலும் அதே கதைதான். மேலாளர் தினமும் எல்லாம் சரிதானே என்று கேட்டு எழுதுவார். நானும் சரி என்று பதில் போடுவேன். மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. அம்மா போனதைக்கூட அங்கே யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. எழுதப் போனால் பாதியிலேயே அழித்துவிடுவேன். காலையில் ஆட்கள் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டால் லயமே வெறிச்சோடிவிடும். தகரத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கென்று அடுப்பு மூட்டவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், ஆட்கள் மலையிலிருந்து திரும்பிய நேரம், யாரோ நடுச்சுவரைத் தட்டினார்கள். பக்கத்து அறைக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா. அதுவரை முகம் பார்த்துச் சிரித்ததோடு சரி.

"தங்கச்சி, ரெண்டு நாளா சட்டி பானை சத்தமே கேக்கலையே. உள்ளதான் இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சுவரைத் தட்டினேன்.

"சரி சரி, பேச வேணாம். தட்டுனதே போதும். இந்தா வர்றேன்."

ரொட்டியும் சம்பலும் பால் இல்லாத பிளேன்டீயும் கொண்டுவந்தார். மழையில் நனைந்த தலையைத் துவட்டியபடி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா போன பிறகு அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

அவர் போன பிறகு கோப்பையைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் குறி வைத்திருந்தது, திரையில் எழுத்தைக் காட்டும் பகுதியிலேயே. நின்றுவிட்டேன் என்று எனக்குச் சொல்ல டிபக்கரும் அந்தப் பகுதிக்குத்தான் வர வேண்டும். வந்தால் அங்கே மறுபடியும் குறி, மறுபடியும் நிறுத்தம். தன் பொறியில் தானே விழுந்துவிட்டு, விழுந்ததைச் சொல்லவும் வழியில்லாமல் கிடந்திருக்கிறது, பாவம்.

திரையில் எழுத அதற்கென்று தனியாக ஒரு சின்ன வழி செய்து கொடுத்தேன். அந்த வழியில் யாரும் குறி வைக்க முடியாதபடி தடையும் போட்டேன். விடிந்ததும் ஓட்டிப் பார்த்தேன். நின்ற இடத்தை அழகாக எழுதிக் காட்டியது. டிபக்கர் ஓடுகிறது என்று மேலாளருக்கு எழுதினேன். அதற்குக் கீழே, என் அம்மா இறந்துவிட்டார் என்றும் எழுதினேன்.

அந்த அக்காவின் குடும்பம் இப்போது லுணுகலைப் பக்கம் போய்விட்டது. பக்கத்து அறை பூட்டியே கிடக்கிறது. நான் இன்னும் அம்மாவின் அறையில்தான் இருக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் சத்தம் இல்லையென்றால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று இப்போதெல்லாம் நான் நினைப்பதில்லை, போய் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுகிறேன்.