கிரேக்கத்துக்குப் போன ஒப்பாரி

போன செவ்வாய்க்கிழமை லிந்துலை தபால் கந்தோரில் எனக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. கிரீஸ் நாட்டு முத்திரை. பிரித்ததும் காய்ந்த இலை வாசம் அடித்தது. உள்ளே ஒரு புத்தகம், அதற்குள் ஒரு சீட்டு. அம்மா இறந்துவிட்டார், உங்கள் பெயரும் இதில் இருக்கிறது என்று எலேனியின் மகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மடித்துப் பையில் வைத்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன், வரவில்லை.

அந்த வாசம் எனக்குப் பழக்கம்தான். எலேனி அந்த இலையைக் கொதிக்க வைத்துத்தான் குடிப்பார். சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை, நடுவில் உட்கார்ந்துகொண்டு அவர் ஊர்ப் புல்லைக் குடிக்கிறாரே என்று பங்களா சமையல்காரருக்குத் தீராத கோபம். பழைய துரை பங்களாவை விடுதியாக்கியிருந்தார்கள். ஏ.எல். பரீட்சை முடித்த கையோடு நான் அங்கே வேலைக்கு நின்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷை நம்பி என்னை அவருக்கு மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார்கள். தோட்டத்தில் வெள்ளைக்காரப் பெண் என்றால் நோனா; எல்லோருக்கும் அவர் ‘பாட்டு நோனா’.

மீன்பிடிக்கும் தீவில் பிறந்தவர். பதினாலு வயதில் கல்யாண வீடுகளில் பாட ஆரம்பித்து, ஏதென்ஸ் போய், இசைத்தட்டு போட்டு, ரோட்டில் நடந்தால் ஆட்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்தவர். பிறகு தொண்டையில் ஓர் ஆபரேஷன். குரல் போய் கரகரப்புதான் மிச்சம். அதன்பின் பிற நாட்டுக் கவிதைகளைக் கிரேக்கத்தில் பெயர்க்க உட்கார்ந்துவிட்டார். “பாடுறப்பவும் அடுத்தவங்க வார்த்தையத்தான் வாயில வச்சிருந்தேன். இப்ப கையில வச்சிருக்கேன், அவ்வளவுதான்” என்பார். இங்கிலீஷில்தான் சொன்னார், என் காதில் இப்படித்தான் இருக்கிறது.

அவர் ஊரிலும் பெண்கள் ஒப்பாரி வைப்பார்களாம். எங்கள் ஒப்பாரியைப் பெயர்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார். சாவு இல்லாத நாளில் எந்தப் பெண் ஒப்பாரி பாடுவாள்? அது வீட்டுக்குச் சாவைக் கூப்பிடுவது ஆயிற்றே. ஒன்றரை மாதம் சும்மாவே இருந்தார்.

அப்புறம் எங்கள் அப்பா செத்தார்.

மூன்று நாளாக நெஞ்சு வலி. “தம்பி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு கூட்டிட்டுப் போயேன்யா” என்றாள் அம்மா. “ஞாயித்துக்கெழம போவோம்மா, நோனாவுக்கு வேல கெடக்கு” என்றேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரு வேலையும் இல்லை. லீவு கேட்க வெட்கம். சனிக்கிழமை காலையில் அப்பா போய்விட்டார்.

நோனா வந்து எங்கள் லயத்து வீட்டு வாசலில் பெண்களோடு உட்கார்ந்தார். ரெக்கோடரை எடுக்கவில்லை. “சாவு வீட்ல மெஷின நீட்டக் கூடாது” என்றார். நேரில் பேச முடியாததை எங்கள் பெண்கள் ஒப்பாரியில் சொல்லிவிடுவார்கள். பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் நான்.

“படிச்ச மகனிருந்தும் – ஒங்கள
பாத்தெடுக்க ஆளில்ல
நோனா வாசலுல – ஒங்க மகன்
நின்னானே நீங்க சாக”

கருமாதி முடிந்த மறுநாள் நோனா நோட்டுப் புத்தகத்தோடு வந்து அந்த ஒப்பாரியைக் கேட்டார். அம்மா திரும்பப் பாட மாட்டாள். என் ஞாபகம் ஒன்றுதான் வழி. ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். என் இடம் வந்தபோது, ‘படித்த மகன் பக்கத்திலிருந்து தண்ணீர் ஊட்டினான்’ என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார். “நல்ல மகன்” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். வெந்நீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

பார்சல் வந்த செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து, புத்தகத்தில் சீட்டு இருந்த பக்கத்தின் மேல் போனைப் பிடித்தேன். கிரேக்கத்தை அது இங்கிலீஷாக்கிக் காட்டியது. தண்ணீர் ஊட்டுகிற மகன் அங்கே இருந்தான். மேலே அம்மா பெயர், கீழே பொடி எழுத்தில் என் பெயர். வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. எழுந்து போய் முகம் கழுவினேன்.

அம்மா போய் நாலு வருடமாகிறது. அவள் போவதற்குள் ஒப்பாரி தெரிந்த பெண்களில் பாதிப் பேர் செத்து, மீதிப் பேர் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போயிருந்தார்கள். சாவு வீட்டுக்குத் தலவாக்கலையிலிருந்து ஸ்பீக்கர் வரவழைத்து பென்டிரைவில் ஒப்பாரி போட்டோம். யாரோ ஒரு பெண் யாருடைய தாய்க்கோ பாடினாள். கடைசி வருடம் அம்மாவையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது தெரியும். என் முறை வரும் என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தது. ஸ்பீக்கர்காரர் அதையே மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.