ஆர்வில் ஸ்டானெக்கின் நாற்பத்தொரு பிழைகள்

கார்வர் ஃபெரி ஊரில் ஆர்வில் ஸ்டானெக்குக்கு இன்னொரு பெயர் உண்டு: சல்லடை. ஐம்பது வருடங்களுக்கு முன் ஊர் பேஸ்பால் அணியில், இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே, ஷார்ட்ஸ்டாப்பாக நின்றவர் அவர். பிடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டாலோ கோணலாக எறிந்தாலோ ஆட்ட அட்டையில் ‘பிழை’ என்று எழுதுவார்கள்; ஒரே கோடையில் அப்படி நாற்பத்தொரு பிழைகள் அவர் கணக்கில் ஏறின. அந்த லீகில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி யாரும் செய்ததில்லை. பிறகு முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். பின் இருக்கைப் பிள்ளைகளும் அவரைச் சல்லடை என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று பெற்றோர்கள் சேர்ந்து ஒரு நிஜச் சல்லடையை வாங்கி, ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். அதில்தான் இன்றைக்கும் மாவு சலிக்கிறார்.

அதே அணியில் முதல் தளத்தில் நின்றவர் மெர்ல் டகெட். பெரிய உடம்பு, மெதுவான கால், அபாரமான மட்டை. ஆர்வில் தரையில் புரண்டு பந்தை எடுத்து, எழுந்திருக்காமலே எறிவார். அது எங்கே வந்தாலும் மெர்ல் குனிந்தாவது எட்டியாவது பிடிப்பார். ஆட்டம் நின்ற பிறகும் நட்பு நிற்கவில்லை. இருவரும் மனைவியை இழந்தது ஒரே வருடத்தில். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடு மெர்லின் பண்ணை வீட்டில்தான்.

அந்த ஜனவரியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்த மெர்ல் சொன்னார்.

“கோடை வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொல்றார். அதுக்கு மேல சொல்லல.”

ஆர்வில் கையிலிருந்த தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

“வேலியில என் பேரைப் பாக்கணும்டா. ஆனா ஒண்ணு. இருமறான், பாவம்னு போடற பேரு எனக்கு வேணாம். இதை யார்கிட்டயாவது சொன்னே, உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்.”

ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஐந்து பேர் கூடி, பழைய ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மே மாத முதல் ஆட்டத்துக்கு முன் அவர் பெயரை மைதானத்தின் இடது வேலிப் பலகையில் எழுதுவார்கள். வருடத்துக்கு ஒரு பெயர்தான். அடுத்த பிப்ரவரி மெர்லுக்கு வராது. இது ஆர்வில் ஒருவருக்கே தெரியும், சொல்லவும் கூடாது.

அந்த ஐவரில் ஆர்வில் ஒருவர் என்பதால் அவருக்குப் பெரிய பயம் இல்லை. ஹார்ட்வேர் கடை கஸ் லிண்ட்குவிஸ்ட், அதே பழைய அணிக்காரர், பேட்டிங் சராசரியைத் தவிர எதையும் நம்பாதவர்; மெர்லிடம் சராசரி இருந்தது. பாதிரியாரும் தபால்காரரும் கடைசியில் பேசுகிறவர் பக்கம் சாய்வார்கள். மிச்சம் கணக்கு டீச்சர் லோர்னா ஹேபெக்கர்.

ரூத்தின் சாப்பாட்டுக் கடையில், பின் மேசையில் கூடினார்கள். வெளியே பனி. ஆளுக்கொரு துண்டு செர்ரி பை, பழம் வைத்துச் சுட்டது. முதலில் ஆர்வில் மெர்லின் பெயரைச் சொன்னார். லோர்னா மடிக்கணினியைத் திறந்தார். நூலகத்திலிருந்த பழைய ஆட்ட அட்டைகளை எல்லாம் அதில் ஏற்றி வைத்திருந்தார்.

“நான் ஸ்டானெக் சார் பேரைச் சொல்றேன்.”

கஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “டீச்சரம்மா, இவன் மட்டையால அடிச்சதவிட என் நாய் வாலால அடிச்சது அதிகம். கையோ, ஊருக்கே தெரியும்.”

“பிழைன்னு எப்போ எழுதுவாங்க? பந்து கையில பட்டு விழுந்தாத்தானே? பக்கத்துலயே போகாதவனுக்குப் பிழையே கிடையாது. மத்த ஊர் ஷார்ட்ஸ்டாப் எல்லாம் நின்ன இடத்துல நின்னு வேடிக்கை பாத்தாங்க. அது அடிச்சவன் கணக்குல ஹிட். இவர் ஓடிப் போய்த் தொட்டார். அது பிழை. ஆனா ஒரு ஆட்டத்துக்கு இவர் எடுத்துக் கொடுத்த அவுட் மத்தவங்களவிட ஒண்ணு அதிகம். அதையெல்லாம் ஓட்டமா மாத்தி, ஓட்டத்தை வெற்றியா மாத்தினா, மெர்லோட மட்டையவிட இவரோட கால் அணிக்கு அதிகம் ஜெயிச்சுக் கொடுத்திருக்கு.”

“வெற்றியை அரைக்கால் முக்கால்னு அறுத்து விக்கிறீங்களே, இது என்ன, மாட்டுக்கறியா?” என்றார் கஸ். ஆனால் கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆர்விலைப் பார்த்தார்.

“மூணாவது தளத்துக்குப் பின்னால போற பந்தையெல்லாம் இவன் துரத்துவான். அது நிஜம். எதுக்குடா உனக்கு இந்த வேலைன்னு நானே கத்தியிருக்கேன்.” தாடையைத் தேய்த்துக்கொண்டார். “டீச்சரம்மா சொல்றது சரிதான்போல. என் ஓட்டு சல்லடைக்கு.”

பாதிரியார் தலையை ஆட்டினார். தபால்காரரும் ஆட்டினார்.

ஆர்வில் தட்டை ஓரமாக நகர்த்தினார். வாழ்நாள் முழுக்க யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று அவர் உள்ளூர ஏங்கியிருக்கலாம். அது வந்து சேர்ந்த நாளில் அதைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. தள்ளுவதற்கு அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதை அவர் ஐம்பது வருடம் வாயில் வைத்து அடக்கியிருந்தார்.

“டீச்சர், அந்த நாப்பத்தொண்ணு வந்த வருஷத்துல எத்தனை எறிஞ்சதுல வந்தது?”

லோர்னா தேடினார். “பாதிக்கு மேல. மத்த வருஷமெல்லாம் அஞ்சு, ஆறுதான். ஏன் இப்படி?”

“நான் எல்லா வருஷமும் ஒரே மாதிரிதான் எறிஞ்சேன். கோணலாத்தான். முதல் தளத்துல நிக்கறவன் குனிஞ்சு எடுக்காம விட்டா, பிழை எறிஞ்சவன் பேர்லதான் ஏறும். அந்த வருஷம் மெர்ல் வைக்கோல் வண்டியிலேர்ந்து விழுந்து தோள் எலும்பை முறிச்சுக்கிட்டான். கோடை பூரா ஆடல.”

“அப்ப முதல் தளத்துல யாரு?” என்று கேட்டார் பாதிரியார்.

லோர்னா திரையில் பெயரைப் படித்துவிட்டு, படிக்காதது போல் காபியை எடுத்துக்கொண்டார்.

“நான்தான்,” என்றார் கஸ்.

காபிக் கெட்டிலோடு வந்த ரூத் அப்படியே திரும்பிப் போனார்.

“ஒண்ணு ரெண்டு என் காலடியில உருண்டு போச்சு. ஞாபகம் இருக்கு.”

“ஒண்ணு ரெண்டு இல்ல கஸ்,” என்றார் ஆர்வில், மெதுவாக.

“இத்தனை வருஷம் நான் சல்லடை சல்லடைன்னு கூப்பிட்டேனே. ஏன்டா சொல்லல?”

“உனக்கு அப்பத்தான் கல்யாணம் ஆகியிருந்தது. உன் பொண்டாட்டி தினம் வந்து உக்காந்து பாப்பா.”

கஸ் மிச்சமிருந்த செர்ரி பைத் துண்டைத் தட்டிலேயே நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு, “பொல்லாத பய நீ,” என்று மட்டும் சொன்னார்.

லோர்னா விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். “மெர்ல் இருந்த வருஷம், இல்லாத வருஷம்னு பிரிச்சுப் போட்டேன். மத்தவங்க எறிஞ்சதுலயும் இதே கதைதான். இவர் பேர்ல நான் எழுதின வெற்றியில ஒரு பங்கு மெர்லோடது. மாத்திட்டா ரெண்டு பேரும் கிட்டக்கிட்ட வந்துடறாங்க. இவ்வளவு கிட்ட வந்தா, யார் மேலன்னு இந்தக் கணக்கால சொல்ல முடியாது. சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்.”

“அப்ப மெர்ல்,” என்றார் ஆர்வில். “நான் எறிஞ்சது எல்லாருக்கும் தெரியும். அவன் பிடிச்சது யாருக்கும் தெரியல.”

ஓட்டுப் போட இரண்டு தொப்பிகளை வைத்து, ஆளுக்கொரு வேர்க்கடலை கொடுப்பது அங்கே வழக்கம். முதலில் கஸ் எழுந்து மெர்லின் தொப்பியில் போட்டார். மற்ற நால்வரும் அதிலேயே போட்டார்கள்.

வெளியே வந்து காரின் மேலிருந்த பனியைத் தட்டும்போது கஸ் சொன்னார். “பலகையைக் கழட்டி என் கடைக்குக் கொண்டு வா. இந்த வாரமே எழுதிடறேன். எதுக்கு மே மாசம் வரைக்கும்?” அவசரம் ஏன் என்று ஆர்வில் கேட்கவில்லை, கஸ்ஸும் சொல்லவில்லை; மெர்லின் மூக்குக் குழாயை அவரும் பார்த்திருந்தார்.

பண்ணை வீட்டில் மெர்ல் விளக்கைப் போட்டுக்கொண்டு ஆர்விலுக்காகக் காத்திருந்தார்.

“யாரு எதிர்த்தா?”

“ஒருத்தரும் இல்ல.”

“நீ என் மூச்சைப் பத்தி உளறிட்டே.”

“ஒரு வார்த்தை இல்ல. நீ குனிஞ்சு பந்து எடுக்கிறதப் பத்தித்தான் பேசினோம். டீச்சர் அதைக் கணக்கே போட்டுட்டாங்க.”

“குனியறதையா?” மெர்ல் சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. குழாயைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் சாய்ந்தார். “அதை யாருமே பாக்கலன்னு நெனச்சேன்.”

“நான் பாத்தேன்.”

“நீ தரையில கெடந்தே.”

“அங்கேர்ந்துதான் நல்லாத் தெரியும்.”

மெர்ல் கண்ணை மூடிக்கொண்டார். “முதல்லேர்ந்து சொல்லு. டீச்சர் என்ன சொன்னாங்களோ, அதே மாதிரி சொல்லு.”

ஆர்வில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.