ஊதாவா, ரோஸா?

லேப் டெக்னீஷியன் வேலையில் பயத்துக்கு நிறம் உண்டு. சாயம் போட்டுப் பார்த்தால், சுவர் தடித்த பாக்டீரியா ஊதாவாகவே நிற்கும். ஸ்பிரிட்டில் கழுவினாலும் விடாது. சுவர் மெலிந்தது ஊதாவை விட்டுவிட்டு ரோஸைப் பிடித்துக்கொள்ளும். நிறத்துக்குப் பிறகு உருவம்: உருண்டையா, கோலா, சுருளா? கொல்லிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எனக்கு இதுதான் வேலை. லேப் கூட்டாளிகளே, மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும்போது உங்களுக்கும் பயமாக இருக்குமா?

வலிக்காத புண்

மலைமேல் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான பெரக்கரை நாட்டிலிருந்து சடையன் என்ற மிளகு விவசாயி வந்தார். விரலில் கரியாய்க் கறுத்த புண். கை முழுக்க வீக்கம். "வலியே இல்லீங்க, ஊட்டுக்காரிதான் போன்னு தொரத்துனா" என்று சிரித்தார். புண்ணின் நீரை ஸ்லைடில் தடவிச் சாயம் போட்டேன். ஊதா. கனத்த கோல்கள், முனை வெட்டினாற்போல, மூங்கில் கணுக்களாக ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ்! ஆட்டையும் மாட்டையும் நின்ற இடத்தில் சாய்க்கிற நோய்.

ஓடி டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். அவர் பார்த்துவிட்டு, "ஆடு ஏதாச்சும் செத்துச்சா?" என்று சடையனிடம் கேட்டார்.

"ஆமாங்க, மேஞ்சிட்டிருந்தது பொத்துனு உழுந்துருச்சு. நாந்தான் அறுத்தேன். பங்கு போட்டுத் தெருவே தின்னுச்சுங்க."

கழுத்துக் கட்டி

சடையனுக்கு ஊசி ஆரம்பித்தாயிற்று. சுகாதாரத் துறை ஜீப்பில் நானும் அவர் ஊருக்குப் போனேன். கறி தின்ற எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் கறியைக் கழுவிச் சமைத்த அவர் மனைவி வெள்ளையம்மாவுக்குக் கழுத்தில் கட்டி, காய்ச்சல் வேறு. அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

சீழை எடுத்துச் சாயம் போட்டேன். மங்கலாகத் தெரிந்தது; இதுவும் ஊதாதான். உருவத்தைத் தெளிவாக்கும் திருகைத் திருப்பவே மனசு வரவில்லை. திருப்பினேன். எல்லாம் உருண்டை, திராட்சைக் கொத்துப் போல. ஒரு கோல்கூட இல்லை. சாதாரணக் கட்டிக் கிருமி! வார்டுக்கு ஓடினேன். புருஷன் கட்டிலடியில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாவிடம், "உங்களுது உருண்டைங்க, பயமில்லை. அவருக்குத்தான் கோல்" என்றேன். அவர் முகம் மலரவில்லை.

"கண்ணு, அவருது எப்பங்க உருண்டையாவும்?"

மணிக்கட்டு

சடையனின் வீக்கம் தோள்வரை ஏறி எல்லோரையும் பயமுறுத்திவிட்டு, மெல்ல இறங்கியது. தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று உட்கார்ந்தபோது என் மணிக்கட்டில் ஒரு சிவந்த தடிப்பு. எப்போது வந்தது? கையுறைக்கு மேலேயா, உள்ளேயா? மலையடிவாரக் காரவள்ளி வழியாக இறங்குகிற பஸ் ஹாரன் அடித்தது, நான் ஏறவில்லை. வீட்டுக்குப் போனால் மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாளே! டாக்டரம்மாவிடம் கையை நீட்டினேன். சன்னலருகே இழுத்துப்போய் நிதானமாகப் பார்த்தார்.

"கொசு கடிச்சிருக்கும்மா. அடுத்த பஸ்ஸுக்காவது கிளம்பு."

மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாததற்குப் பயப்படுகிறார்கள். நாங்களோ அதற்குச் சாயம் பூசி, பெரிதாக்கி, நன்றாகப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறோம்.